வின்ச் வாங்கும்போது நடக்கும் தவறுகள்: பெட்டியில் உள்ள எண்ணும் சேற்றில் கிடைக்கும் இழுவையும்

சிக்கிய வண்டியைக் கயிற்றைச் சுருட்டி இழுத்து வெளியே எடுக்கும் கருவிதான் வின்ச். ஆஃப்ரோடு டிரக்குக்கு அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு எண்ணைத்தான். 8000 பவுண்ட், 9500 பவுண்ட், 12000 பவுண்ட் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது எந்த நிலையில் அளந்த எண் என்று தெரியாமல் வாங்கினால், வண்டி அச்சு வரை புதைந்து நிற்கும் நேரத்தில்தான் உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்று தெரியவரும். வின்ச் தேர்வில் நடக்கிற பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடுவது

வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. விதி சரிதான், எந்த எடை என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஷோரூம் குறிப்பில் இருக்கும் வெற்று எடை இதற்கு உதவாது. ஆட்கள், டீசல், தண்ணீர், கூடாரம், கருவிப்பெட்டி, கூரைக் கேரியர், ஸ்டீல் பம்பர், ஏன் அந்த வின்ச்சே கூட எடையில் சேரும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் அதிகபட்ச மொத்த எடையை எடுத்துக்கொள்வது நல்லது. வெறும் வண்டியாக 2200 கிலோ இருக்கும் ஒரு பிக்கப், மூட்டை முடிச்சோடு கிளம்பும்போது 3000 கிலோவைத் தொடுவது சாதாரணம். முதல் எடைக்கு 3300 கிலோ இழுவை போதும், இரண்டாவதற்கு 4500 வேண்டும். பவுண்டில் சொன்னால் சுமார் 7300, சுமார் 9900. இரண்டுக்கும் நடுவே வேறு வேறு மாடல்களே இருக்கின்றன.

சரி, ஏன் ஒன்றரை? கெட்டியான சமதரையில் நான்கு பேர் தள்ளினால் வண்டி நகர்ந்துவிடும். சேற்றில் கதையே வேறு. அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேட்டில் இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சக்கரத்தின் மையம் வரை புதைந்திருந்தால் எதிர்ப்பு வண்டியின் முழு எடைக்குச் சமம். மட்கார்டு வரை என்றால் எடையைப் போல இரண்டு மடங்கு. கேபின் வரை இறங்கிவிட்டால் மூன்று மடங்கு. மேட்டில் ஏற்றி இழுப்பதாக இருந்தால் சரிவுக்கு உரியதை இதோடு தனியாகக் கூட்ட வேண்டும். அப்படியானால் மட்கார்டு வரை சிக்கிய 3000 கிலோ வண்டிக்கு 6000 கிலோ இழுவை தேவை. ஒன்றரை மடங்கு விதிப்படி வாங்கிய வின்ச்சால் நேராக இழுத்து அதைத் தர முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதல் அடுக்கு எண்ணை முழு எண் என்று நினைப்பது

பெட்டியில் போட்டிருக்கும் இழுவை, ட்ரம்மில், அதாவது கயிறு சுற்றும் உருளையில், கயிற்றின் முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. வின்ச் மோட்டார் ட்ரம்மைத் திருகும் விசை மாறுவதில்லை. மேலே மேலே கயிறு சுற்றச் சுற்ற ஆரம் கூடும், இழுவை அதே விகிதத்தில் குறையும், வேகம் மட்டும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 64 மி.மீ. விட்டமும் 230 மி.மீ. நீளமும் உள்ள ட்ரம், 8 மி.மீ. கயிறு, நீளம் 28 மீட்டர். முதல் அடுக்கில் கயிற்றின் மையம் ட்ரம்மின் மையத்திலிருந்து 36 மி.மீ. தூரத்தில் இருக்கும். இரண்டாவதில் 44, மூன்றாவதில் 52, நான்காவதில் 60. ஆக இரண்டாம் அடுக்கில் 82 சதவீத இழுவை, மூன்றாவதில் 69, நான்காவதில் 60. ஒரு அடுக்கின் பள்ளத்தில் அடுத்த அடுக்கு கொஞ்சம் இறங்கி உட்காருவதால் நிஜத்தில் இதைவிடச் சற்று மேலாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் அடுக்கில் பிடிப்பது எவ்வளவு கயிறு தெரியுமா? சுமார் 6 மீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் இழுவை உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் 22 மீட்டர் கயிற்றை வெளியே விட்டிருக்க வேண்டும். கயிற்றின் முனையைக் கட்டும் மரம் 10 மீட்டர் தூரத்தில் இருந்தால் மூன்றாம் அடுக்கில் நின்றுகொண்டு இழுக்கிறீர்கள். வண்டி மரத்தை நெருங்க நெருங்கக் கயிறு உள்ளே வந்து இழுவை இன்னும் குறையும்.

நல்ல தயாரிப்பாளர்கள் அடுக்குவாரியாக இழுவை, வேகம், மின்னோட்டம் மூன்றையும் அட்டவணையாகக் கொடுப்பார்கள். அந்த அட்டவணை இல்லாத வின்ச்சை நான் வாங்கமாட்டேன். கயிறு நீளமாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் இங்கே அடிபடுகிறது. 40 மீட்டர் கயிறு என்றால் அடுக்குகள் கூடும், பக்கத்து மரத்தில் கட்டி இழுக்கும்போது இழுவை இன்னும் குறையும். தூரம் தேவைப்பட்டால் தனியாக ஒரு நீட்டிப்புக் கயிறு வைத்துக்கொள்வதே மேல்.

கப்பியை விட்டுவிட்டு வின்ச்சைப் பெரிதாக்குவது

ஸ்நாட்ச் பிளாக் என்கிற கப்பியை மரத்தில் கட்டி, கயிற்றை அதன் வழியே திருப்பி வண்டியிலேயே மாட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். இது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காத இன்னொரு லாபமும் உண்டு. கயிறு போய்த் திரும்பி வருவதால் வெளியே இருக்கும் நீளமும் இரட்டிப்பாகிறது, ட்ரம்மில் அடுக்கு குறைகிறது.

மேலே சொன்ன அதே வின்ச், அதே 10 மீட்டர் மரம். முதல் அடுக்கு இழுவை 4300 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அதாவது 9500 பவுண்ட். நேர்க் கயிற்றில் மூன்றாம் அடுக்கு, கிடைப்பது சுமார் 2970 கிலோ. கப்பி போட்டால் 20 மீட்டர் வெளியே, ட்ரம்மில் இரண்டாம் அடுக்கு. 3520 கிலோ, அதைப் போல இரண்டு மடங்கு, 7000 கிலோவுக்குப் பக்கம். கப்பியின் உராய்வுக்குக் கொஞ்சம் கழித்தாலும் மட்கார்டு வரை சிக்கிய வண்டிக்குத் தேவையான 6000 இதில் வந்துவிடுகிறது. 12000 பவுண்ட் வின்ச்சை நேர்க் கயிற்றில் போட்டு இந்த இழுவையை எடுக்கவே முடியாது. ஒன்றரை மடங்கு விதியைத் தாண்டிவிட்டீர்கள் என்றால், அதற்கு மேல் செலவழிக்க நினைக்கும் பணத்தைக் கப்பியில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. கப்பி கட்டியிருக்கும் மரத்தின் மேல் விழும் சுமை கயிற்றில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. ஷாக்கிள் என்கிற இணைப்பு வளையம், மரத்தைச் சுற்றிக் கட்டும் மரப்பட்டி, கப்பி மூன்றும் அந்தச் சுமையைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரத்தை மறந்துவிடுவது

முழுச் சுமையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர், சில மாடல்கள் அதற்கு மேலும் இழுக்கும். டிரக்கின் ஆல்டர்னேட்டர் 100 முதல் 150 ஆம்பியர் தரலாம், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடினால். மீதி முழுவதும் பேட்டரியிலிருந்து போகிறது. 400 ஆம்பியரில் ஒரு நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 7 ஆம்பியர் மணி. பழைய, பாதிச் சத்து போன பேட்டரியோடு புது வின்ச்சை மாட்டி, இழுவை இல்லை என்று வின்ச்சைத் திட்டுவதில் அர்த்தமில்லை. வோல்டேஜ் விழ விழ மோட்டாரின் வேகம் குறையும், இழுத்து முடிக்க நேரம் கூடும், சூடும் அதோடு சேர்ந்து கூடும்.

கேபிளும் முக்கியம். பேட்டரி பின்பக்கம் இருந்து, 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் ஓடினால், 400 ஆம்பியரில் 2 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துவிடும். 12 வோல்டில் 2 போவது சின்ன விஷயம் இல்லை. பேட்டரி தூரத்தில் இருந்தால் தடித்த கேபிள் போடுங்கள். எர்த் கேபிளையும் சேஸியில் எங்கோ ஒரு போல்ட்டில் முடிக்காமல் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோங்கள். நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று கட்டாயம், ஏனென்றால் வின்ச் கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. அது எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆனால் தீதான்.

கொஞ்சம் பெரிய டிரக்குகள் பல 24 வோல்ட். அதற்கு 24 வோல்ட் வின்ச்சே வாங்க வேண்டும். கையில் கிடைத்த 12 வோல்ட் வின்ச்சை இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்து ஓட்டுவதைப் பார்க்கலாம். ஒரு பேட்டரி வற்றும், இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், இரண்டும் சீக்கிரமே போய்விடும். 24 வோல்டில் அதே வேலைக்கு மின்னோட்டம் பாதிதான் என்பதால், வண்டி அப்படி இருந்தால் அது ஒரு வரம்தான்.

மின் வின்ச் எதுவும் நிறுத்தாமல் ஓட்டுவதற்கானது அல்ல. ஒரு நிமிடம் கனமாக இழுத்தால் சில நிமிடம் ஆற விட வேண்டும். நாள் முழுக்க இழுக்கிற வேலை என்றால் ஹைட்ராலிக் வின்ச்தான் சரி. ஆனால் எஞ்சின் நின்றுபோனால் அதுவும் நின்றுவிடும், ஆற்றில் நடுவழியில் எஞ்சினுக்குள் தண்ணீர் போனவருக்கு அது உதவாது.

கயிறு: ஃபேஷனுக்கு எடுப்பது

இப்போது எல்லோரும் சிந்தெடிக் கயிறு பக்கம் போகிறார்கள். நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 28 மீட்டர் கம்பிவடம் ஏழு கிலோ அளவுக்கு இருக்கும், சிந்தெடிக் சுமார் ஒன்றரை கிலோ. கையில் சிலாம்பு ஏறாது. தண்ணீரில் மிதக்கும். அறுந்தாலும் கம்பிவடம் போல ஆளை அடிக்கும் வேகத்தில் பாய்வது குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன். கயிற்றின் முனையில் கொக்கியோ ஷாக்கிளோ தொங்கினால் அது பறந்து வரும், அதனால் கயிற்றின் மேல் கனமான போர்வையைப் போடும் வழக்கத்தைச் சிந்தெடிக் கயிற்றிலும் விடக்கூடாது.

சிந்தெடிக்கின் எதிரிகள் வெயில், மணல், கூரான பாறை, சூடு. அந்த இழை 145 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும், அதற்கு வெகு முன்பே வலு இழக்கத் தொடங்கும். மலிவான பிளானெட்டரி கியர் வின்ச்சுகள் பலவற்றில் பிரேக் ட்ரம்முக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு கயிற்றை வெளியே விட்டால், உதாரணமாக வண்டியைச் சரிவில் இறக்கினால், பிரேக் தேய்ந்து ட்ரம் கொதிக்கும், மேலே இருக்கும் முதல் அடுக்குக் கயிறு வெந்துபோகும். சிந்தெடிக் கயிறு போடத் தீர்மானித்திருந்தால் பிரேக் ட்ரம்முக்கு வெளியே உள்ள மாடலைத் தேடுங்கள், அல்லது முதல் அடுக்குக்கு வெப்பத் தடுப்பு உறை உள்ள கயிறாக வாங்குங்கள்.

கயிறு ட்ரம்முக்குப் போகும் வழியில் அதை நேராக்கித் தரும் ஃபேர்லீட் விஷயத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கம்பிவடம் ஓடிய ரோலர் ஃபேர்லீட்டில் கீறல்களும் பிசிறுகளும் இருக்கும், அதில் சிந்தெடிக் கயிற்றை ஓட்டினால் இழைகள் ஒவ்வொன்றாக அறும். உருளைகள் இல்லாத, வழவழப்பான அலுமினிய ஹாஸ் ஃபேர்லீட்டுக்கு மாற வேண்டும். கம்பிவடத்துக்கு ரோலரே பொருத்தம்.

பாறையும் முள்ளும் நிறைந்த இடத்தில் வேலை செய்கிற, வண்டியைக் கழுவவே நேரமில்லாதவருக்குக் கம்பிவடம் இன்றும் மோசமான தேர்வு இல்லை. தோல் கையுறை மட்டும் வேண்டும். எந்தக் கயிறானாலும் முழுவதையும் வெளியே விடக்கூடாது. ட்ரம்மில் கம்பிவடம் என்றால் குறைந்தது 5 சுற்று, வழுக்கும் சிந்தெடிக் என்றால் 8 முதல் 10 சுற்று மிச்சம் இருக்க வேண்டும். கயிற்றின் முனையை ட்ரம்மில் பிடித்திருக்கும் சின்ன போல்ட் சுமை தாங்குவதற்கானது அல்ல.

எங்கே மாட்டப் போகிறீர்கள்?

வின்ச்சை வாங்கிவிட்டுப் பிறகு பம்பரைத் தேடுவது தலைகீழ் வேலை. நான்கு டன் இழுவை வின்ச் தட்டின் வழியே நேராகச் சேஸிக்குப் போக வேண்டும். அழகுக்குப் போட்ட பம்பரில் துளைபோட்டு மாட்டினால் பம்பர் மட்டும் மரத்தை நோக்கிக் கிளம்பும். போல்ட்டுகள் வின்ச் கையேட்டில் சொன்ன தரத்திலும் நீளத்திலும் இருக்க வேண்டும். ட்ரம்மை விடுவிக்கும் கிளட்ச் லீவர் பம்பருக்குள் மறைந்து கைக்கு எட்டாமல் போகிறதா, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இடம் இருக்கிறதா, ரேடியேட்டருக்குப் போகும் காற்று அடைபடுகிறதா, பம்பர் ஏர்பேக்குக்கு ஒத்துவருமா என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். வின்ச்சும் ஸ்டீல் பம்பரும் சேர்ந்து முன் அச்சில் நூறு கிலோ வரை ஏற்றிவிடும். முன் ஸ்பிரிங் தாழ்ந்து, ஹெட்லைட் தரையைப் பார்க்க ஆரம்பித்தால் சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சில்லறை விஷயங்கள்

வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 12 மீட்டர் என்பது கயிற்றைச் சுருட்டி வைக்க உதவும், சேற்றிலிருந்து இழுக்கும்போது மெதுவாக வருவதே நல்லது. மோட்டாரில் நிரந்தரக் காந்த வகை கொஞ்சம் குறைவாக மின்சாரம் தின்னும், ஆனால் தொடர்ந்து சூடானால் தளர்ந்துவிடும். அடிக்கடி பயன்படுத்துகிறவருக்கு, காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் உள்ள சீரிஸ் வவுண்ட் மோட்டார்தான். தண்ணீர் பட வாய்ப்புள்ள வண்டிக்கு சிறிது நேரம் தண்ணீரில் முங்கினாலும் தாங்கும் ஐ.பி. 67 தரம் குறைந்தபட்சம் வேண்டும். அது வின்ச்சுக்கா, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள், சிலவற்றில் வின்ச் மட்டும்தான் அந்தத் தரம். வயர்லெஸ் ரிமோட் வசதிதான், கூடவே வயருள்ள ரிமோட்டும் வருகிறதா என்று பாருங்கள்.

இழுக்கிற வின்ச்சைத் தூக்குவதற்குப் பயன்படுத்தக்கூடாது. ஆள் கீழே நிற்க எதையாவது தொங்கவிடும் அளவுக்கு அதன் பிரேக் செய்யப்பட்டதில்லை.

கடைசியாக, வாங்கும் அன்றே கூட எடுக்க வேண்டியவை: கப்பி, அகலமான மரப்பட்டி, வேலைச் சுமை பொறித்த இரண்டு ஷாக்கிள்கள், கையுறை, கயிற்றின் மேல் போடும் போர்வை, ஒரு மண்வெட்டி. சுமை பொறிக்காத ஷாக்கிள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டாம். டிரெய்லர் மாட்டும் டோ பாலை இழுக்கும் புள்ளியாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அது ஒடிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் புதுக் கயிற்றை முழுக்க வெளியே விட்டு, மேலே சொன்ன சுற்றுகளை மட்டும் ட்ரம்மில் வைத்து, லேசான சரிவில் வண்டியையே சுமையாகக் கொண்டு இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். கடையிலிருந்து தளர்வாகச் சுற்றி வந்த கயிறு முதல் கனமான இழுப்பிலேயே கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.