துன் சம்பந்தன் காலத்தைப் படிக்க ஒரு தாளும் பென்சிலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருப்பவர்கள் அரசியல் வரலாறு படிக்கத் தொடங்க, துன் வீ.தி. சம்பந்தனை விடப் பொருத்தமான தலைவர் இல்லை. 1919-இல் இதே ஊரில் பிறந்தவர்; 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) கட்சித் தலைவர்.

அவரைப் பற்றிய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பெயர் அடைவும் அடிக்குறிப்புகளும் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பாராட்டு மலர். மலரை ஒதுக்க வேண்டாம், பழைய படங்களுக்கும் ஆள்களின் பெயர்களுக்கும் உதவும். ஆனால் ஒரு முடிவை யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பது அதில் அகப்படாது.

பிறப்பு, பள்ளிப் படிப்பு என்று வரிசையாகப் போனால் பலருக்குப் பாதியிலேயே சலித்துவிடும். தலைவர் இக்கட்டில் நின்ற ஆண்டைத் தேடி அங்கே நுழையுங்கள். சம்பந்தனுக்கு அது 1960. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு (லயத்து வீடு) தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலை போனவர்களுக்கு வீடும் போனது. அப்போதுதான் தொழிலாளர்களிடம் 10 வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) பங்குப் பணம் திரட்டி, தோட்டங்களை அவர்களே வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவையுங்கள். அன்றைய பால்மரம் சீவும் தொழிலாளியின் நாள் சம்பளத்தைத் தேடிப் பிடித்து, 10 வெள்ளி எத்தனை நாள் உழைப்பு என்று கணக்குப் போடுங்கள். அவ்வளவையும் எதை நம்பிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியோடு திரும்பினால் மேடைப் பேச்சுகள்கூட வேறு மாதிரி ஒலிக்கும்.

ஓர் ஏ4 தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: தேதி, தலைவர் செய்தது, அதே நேரம் நம் வட்டாரத்தில் நடந்தது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. அன்று சம்பந்தனுக்கு 29-ஆவது பிறந்தநாள்! அத்தியாயத்துக்கு ஐந்தாறு வரி போதும். எல்லாவற்றையும் எழுதப் போனால் படிப்பு நின்றுவிடும்.

ஒரே தலைவரோடு நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரும் இதே பாட்டாளிகளுக்காகத்தான் நின்றார், வழி வேறு. அவரைப் பற்றிய நூலையும் பக்கத்தில் வைத்து, அதே தாளில் வேறு மையில் குறியுங்கள்.

தேதியில் ஐயம் வந்தால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் தேடலாம், கட்டணம் இல்லை. ஆங்கில நாளிதழ்களில் தேடும்போது தமிழ்ப் பெயர்களை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். தோட்டத்துக்கு நம் மக்கள் வழங்கும் பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் வேறாக இருக்கும். பெரியவர்களிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. அவர்களிடம் “தலைவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் புகழ்ச்சிதான் வரும். “கூட்டம் எந்தத் திடலில் நடந்தது? கிராணி (தோட்டத்து எழுத்தர்) வந்தாரா? பணத்தை யாரிடம் கட்டினீர்கள்?” என்று கேளுங்கள்.