மணிக்கட்டு வலி: வலிக்கும் இடமும் வேளையும் சொல்லும் காரணங்கள்

மணிக்கட்டு வலிக்குத் தைலம் தேடுவதற்கு முன், அது எந்த இடத்தில், எந்த வேளையில், எந்த வேலைக்குப் பின் வருகிறது என்பதைக் கவனித்துக்கொள்வது நல்லது. மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

கீழே விழுந்தபின் வரும் வலியைத் தனியாகவே பார்க்க வேண்டும். மாங்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்தோ இருசக்கர வாகனத்திலிருந்தோ விழும்போது கையை ஊன்றியவர், கட்டைவிரலை நன்கு விரித்துப் பிடித்தால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நார்களுக்கு) நடுவே ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், வீக்கம் குறைவாக இருந்தாலும், உள்ளே உள்ள சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு என்பதால், கையை அசையாமல் கட்டிவைத்து 10 முதல் 14 நாள்களுக்குள் மறுபடியும் படம் எடுக்கச் சொல்வார்கள். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடலாம். நம் ஊர்ப்பக்கம் விழுந்த கையைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவி விடுவது வழக்கம். எக்ஸ்ரே எடுக்கும் முன் அதைச் செய்யவே கூடாது. வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிட வேண்டும்.

விழாமலே வரும் வலி பெரும்பாலும் வேலையோடு தொடர்புடையது. புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்களுக்கும், ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்பவர்களுக்கும், கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் கட்டைவிரல் பக்கத்து நாண்களின் உறை தடித்து வலிக்கலாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தால் சுருக்கென்று வலிப்பது இதன் அடையாளம்.

இரவில் விரல்கள் மரத்துப்போய், தூக்கம் கலைந்து, கையை உதறினால் சரியாகிறது என்பவர்களுக்கு, 9 நாண்களோடு சேர்ந்து ஒரு குறுகிய வழியில் செல்லும் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோய் அல்லது தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் இது அதிகம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை பலருக்கு உதவும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, பிடித்த பாத்திரம் நழுவினாலோ தாமதிக்கக் கூடாது.

காலையில் இரு மணிக்கட்டுகளும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, வாரக்கணக்கில் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை தேவை. சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின்னும் மணிக்கட்டு வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

மற்றபடி சாதாரண வலிக்கு, அதை உண்டாக்கும் வேலையைக் குறைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கை கோணியிருந்தாலோ, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ, மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. அவசரத்துக்கு 108-ஐ அழைக்கலாம். போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும், தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.