திருமலைக் கடற்கரையில் ஒரு நாள்: எதில் சிக்கனம், எதில் செலவு

மாதம் இருமுறை பிள்ளைகளோடு நிலாவெளிக்குப் போய்வரும் குடும்பம், அந்நாட்களின் செலவை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதிப் பார்த்தால், பணத்தில் பெரும்பங்கு வாகனக் கூலிக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் சாப்பாட்டுப் பொதிகளுக்கும் போயிருப்பதைக் காணும். கரையிலும் கடலிலும் தங்கிவிடுகின்ற அழுக்கும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே வருகிறது. ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் இந்த மூன்றிலும் கைவைக்க வேண்டும்.

திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். முச்சக்கர வண்டியில் போய்த் திரும்பினால் ஒரு லீற்றர் அளவிற்குப் பெற்றோல் எரியும்; ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டைக் காற்றில் விடுகிறது. புல்மோட்டை வீதியால் போகும் பஸ்கள் உப்புவெளி, நிலாவெளி வழியாகவே செல்வதால், காலையில் வெள்ளெனப் புறப்பட்டால் இருக்கையும் கிடைக்கும், வெயில் ஏறுமுன் கடலிலும் இறங்கலாம். மற்றக் கிழமைகளில் பிள்ளைகளை மாலையில் நகரக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனாலே போதும்.

உணவை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். புட்டும் சம்பலும், அல்லது வாட்டிய வாழையிலையில் கட்டிய சோறும் மதியம்வரை கெடாது. தண்ணீருக்கு ஆளுக்கொரு போத்தலும், மீள நிரப்ப ஒரு பெரிய கலனும் வேண்டும். சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்கு 2017 இல் தடை வந்தபின்னும் மெல்லிய பொலித்தீன் கரையில் கிடக்கவே செய்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது கரையிலிருந்து கடலை நோக்கியே பறக்கும்; அங்கே அதை இழுதுமீன் என்று எண்ணி ஆமைகள் விழுங்கும். தரையில் நடப்பது இதைவிடக் கண்ணுக்குத் தெரியும். பிரட்றிக் கோட்டை வாசலருகே ஒரு பெண்மான் சோற்றுப் பொதியின் தாளைத் தின்றுகொண்டு நின்றதை ஒருமுறை பார்த்தேன். குழம்பின் மஞ்சள் மாறாத அந்தத் தாளின் ஒரு முனை வாயோரத்தில் தொங்க, அது தலையைச் சாய்த்து மென்றுகொண்டே இருந்தது. இழுத்தெடுக்கலாமென்று கிட்டப் போனபோது விலகி ஓடிவிட்டது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் பொலித்தீன் செரிக்காமல் திரண்டு தங்கிவிடுவதால், வயிறு நிறைந்திருக்கும்போதே அது மெலிந்து சாக நேரிடும். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மானுக்குப் பழம் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். பொதிகளைத் தேடி மனிதரிடம் வருகின்ற பழக்கம் அதற்கு அப்படித்தான் உண்டாகிறது.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: அது புறாமலை. 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை போனால் போதும் என்பது என் முடிவு. ஆனால் அந்த ஒருமுறையைச் சரியாகச் செய்ய வேண்டும். படகுக் கூலியை ஆளுக்கென்றில்லாமல் படகுக்கென்று பேசும் இடத்தில் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் செலவு பாதியாகும், எரிபொருளும் இருமுறை எரியாது. அப்படி மிஞ்சும் பணத்தை முகத்துக்குப் பொருந்தும் நீச்சல் கண்ணாடிக்கும் மிதவை அங்கிக்கும் கொடுங்கள்.

இதை நான் பட்டறிந்துதான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காசு மிச்சம் பிடிக்க, அளவு பெரிதான ஒரு கண்ணாடியை இரவல் வாங்கி மகனுக்கு மாட்டிவிட்டேன். தண்ணீர் உள்ளே வர, அதை ஊற்ற அவன் காலை ஊன்றி எழுந்து நின்றான். ஊன்றிய இடம் மான்கொம்பு போன்ற ஒரு முருகைக்கல். முறிந்த முனை உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முருகைக்கல் உயிருள்ள சிற்றுயிர்களின் கூட்டம்; கிளைவகை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரும், உருண்டைவகை பெரும்பாலும் 1 சென்ரிமீற்றர் அளவும்தான் வளரும். எனவே கரையோர மணலில் முதலில் கண்ணாடியை மாட்டிப் பழக்கிவிட்டு, மிதந்தபடியே நீரை வெளியேற்றப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த பின்பே முருகைக்கற்களின் மேல் நீந்த விடுங்கள். எதையும் பொறுக்கிக்கொண்டு வரவும் விடாதீர்கள்.

வெயிற்பூச்சு வாங்கும் காசும் மிச்சமாகலாம். ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற்று என்னும் இரசாயனங்கள் கலந்த பூச்சுகளை முருகைக்கற்களின் நலன் கருதி 2021 முதல் விற்கக் கூடாதென ஹவாய் சட்டம் செய்திருக்கிறது. முழுக்கைச் சட்டை பூச்சின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறவர்கள் சவர்க்காரத்தையும் ஷாம்பூவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் கடல் குழம்பிவிடும். புறாமலைப் பயணத்தை வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் பஸ்ஸாலும் கட்டுச்சோற்றாலும் மிஞ்சுகின்ற தொகையை, வீடு திரும்பிய அன்றிரவே கொப்பியில் எழுதி ஒரு பேணியில் போட்டு வைத்தால், அடுத்த வைகாசியில் படகுக்கும் கண்ணாடிக்குமான காசு அதில் சேர்ந்திருக்கும்.