"ஆபத்தானவர்" என்று எழுதும் முன்

1966-இல் ஜானி பாக்ஸ்ட்ராம் என்ற கைதியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், நியூயார்க் மாநிலத்தில் குற்றவாளிகளுக்கான மனநல மருத்துவமனைகளில் இருந்த 967 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. ஆபத்தானவர்கள், வெளியே விடக்கூடாது என்று பல வருடம் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள். நான்கு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, பாதுகாப்பு மருத்துவமனைக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 100-க்கு 3 பேர்கூட இல்லை.

குற்ற வழக்குகளோடு தொடர்புள்ள மனநல மருத்துவமான தடயவியல் மனநலத்தில், ஒருவர் வன்முறையில் இறங்குவாரா என்று கணிக்கும்போது முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது: வன்முறை எவ்வளவு அபூர்வமாக நடக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. 1000 பேரில் 50 பேர் வன்முறையில் இறங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறங்குபவர், இறங்காதவர் இருவகையிலும் 80 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி கையில் இருக்கிறது. 50 பேரில் 40 பேரைப் பிடித்துவிடும், சரி. மீதி 950 பேரில் 190 பேருக்கும் சேர்த்து முத்திரை குத்திவிடும். முத்திரை விழுந்த 230 பேரில் 190 பேர் யாரையும் தொடப்போவதில்லை!

அடுத்தது, ஆளைப் பார்க்காமலே சொல்வது. டெக்சாஸில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட தாமஸ் பேர்ஃபுட்டின் வழக்கில், அவரோடு ஒரு வார்த்தை பேசாத மனநல மருத்துவர் ஜேம்ஸ் கிரிக்சன், பேர்ஃபுட் மறுபடி வன்முறையில் இறங்குவது நூறு சதவீதம் உறுதி என்று சாட்சி சொன்னார். நீண்டகாலக் கணிப்புகளில் மூன்றில் இரண்டு பொய்த்துப்போகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே உச்ச நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லியும் 1983-இல் அந்தச் சாட்சியம் செல்லும் என்றாகிவிட்டது. மறு வருடம் பேர்ஃபுட்டுக்கு மரண தண்டனை நிறைவேறியது. நூறு சதவீதம் என்ற சொல் அறிக்கையில் வந்தாலே சந்தேகப்படுங்கள்.

நோயின் பெயரைப் பார்த்தே முடிவு கட்டுவதும் உண்டு. குடி, போதைப் பழக்கம் சேரும்போது ஆபத்து கூடுகிறது. அதைக் கேட்காமல் நோயின் பெயரை மட்டும் எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

அப்புறம் எச்.சி.ஆர்-20 (HCR-20), ஒருவர் வன்முறையில் இறங்கும் ஆபத்தை மதிப்பிட உதவும் பட்டியல். இருபது அம்சங்களில் பத்து பழைய வரலாறு, ஐந்து இப்போதைய நிலை, ஐந்து இனி வரப்போகும் சூழல். டிக் அடித்துக் கூட்டி மார்க் போட இது தேர்வுத்தாள் இல்லை. பழைய வரலாறு மாறாது. அதை மட்டும் நிரப்பினால் பத்து வருடம் ஒழுங்காக மாத்திரை எடுத்தவரும் நேற்று வந்தவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். "அதிக ஆபத்து" என்ற இரண்டு சொல் வார்டு நர்ஸுக்கு எதற்கும் உதவாது. "மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கத் தொடங்கினால், சொத்துத் தகராறு உள்ள அண்ணன் மேல் கை வைக்கலாம், வெளியே விட்ட முதல் மாதம் வாராவாரம் பார்க்கவும்" என்று எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.