பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் சத்தம் குறைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸ் கேரல் காலம் நெருங்கும்போது பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்திலிருந்து வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் பழுதுக்கு வரத் தொடங்கும். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு ஃபியூஸைப் பார்க்கவும் ஒயரை ஆட்டிப் பார்க்கவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு அடுத்த படியில்தான் வருடந்தோறும் சறுக்குகிறார்கள்.

புது வால்வு மாட்டிப் பார்ப்பது

மீட்டரைத் தொடாமலே வால்வு போய்விட்டதென்று முடிவுகட்டி, புது இஎல்34 பவர் வால்வு ஜோடியை வரவழைத்து மாட்டிவிடும் வழக்கம் எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது. வால்வு தேயும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் கப்ளிங் கண்டென்சருக்கும் வயதாகியிருக்கும். முந்தைய கட்டத்து வால்வின் பிளேட்டிலுள்ள (ஹைவோல்டேஜ் வரும் தகடு) ஏறத்தாழ 200 வோல்ட் டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் விடுவதே அதன் வேலை. அது கசியத் தொடங்கினால், பவர் வால்வின் கிரிட்டில் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) இருக்க வேண்டிய மைனஸ் வோல்டேஜ் குறைந்து, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்க, சப்ளை தொய்ந்து, சத்தம் குறைந்து பிசிறடிக்கும்.

திசையன்விளையிலிருந்து ஒரு தம்பி, புது ஜோடி மாட்டிய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தார். “அண்ணாச்சி, மாட்டுன அன்னைக்கு நல்லாத்தான் பாடிச்சு, இப்ப பழையபடி ஆயிட்டு” என்றார். விளக்கை அணைத்துப் பார்த்தால், ஒரு வால்வின் பிளேட் அடுப்புக் கங்குபோல் சிவந்து கிடந்தது. கசிந்திருந்தது 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று. அதன் விலை வால்வின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டில் கிரிட்டுக்கான 5ஆம் பின்னில் டிஜிட்டல் மீட்டரால் அளக்க வேண்டும். ஃபிக்ஸட் பயாஸ் (கிரிட்டுக்குத் தனியாக மைனஸ் வோல்டேஜ் தரும் அமைப்பு) என்றால் இரண்டு சாக்கெட்டிலும் ஏறக்குறைய ஒரே மைனஸ் வோல்டேஜ் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். கேத்தோடு பயாஸில் (தனி மைனஸ் சப்ளை இல்லாமல் கேத்தோடு ரெசிஸ்டரே அந்த வேலையைச் செய்யும் அமைப்பு) பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் பிளஸ் காட்டினாலும் கண்டென்சரை மாற்றிவிடலாம். வால்வு மாட்டியபடி அளந்தால், கெட்ட வால்வும் இதே போலக் காட்டிக் குழப்பும். ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போடாமல் அளந்துவிட்டு “கசிவே இல்லை” என்பவர்களும் உண்டு; ஹைவோல்டேஜே வராதபோது எதைக் கசியவிடும்? சில கண்டென்சர்கள் சூடேறிய பிறகே கசியும் என்பதால், கால் மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது நல்லது.

வீட்டுக் கரண்டைப் பாராமல் தீர்ப்புச் சொல்வது

சுவர்ப் பிளக்கில் 190 வோல்ட்தான் இருந்தால், 230க்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.2 வோல்ட்தான் தரும். வால்வைக் குறை சொல்லி என்ன பயன்?

எஃபெக்ட்ஸ் லூப் ஜாக்கை மறப்பது

வெளி எஃபெக்ட் கருவியைச் செருக சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கும்; எதுவும் செருகாதபோது சிக்னல் ரிட்டர்ன் ஜாக்கின் உள் காண்டாக்ட் வழியாகத்தான் போகும். உவரிப் பக்கத்து உப்புக்காற்றில் அந்தக் காண்டாக்ட் களிம்பேறிவிடும். சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் ஒரு சிறிய கேபிளைப் போட்டுப் பாருங்கள். சத்தம் திரும்பினால் ஜாக்கைச் சுத்தம் செய்தால் போதும்.

“பாடுகிறதே” என்று ஒரு பக்கத்தை விட்டுவிடுவது

புஷ்-புல் ஆம்ப்ளிஃபயரில் (இரண்டு பவர் வால்வுகள் மாறி மாறி வேலை செய்வது) ஒரு வால்வின் ஸ்கிரீன் ரெசிஸ்டர் ஓபன் ஆனாலும் மற்றது பாடிக்கொண்டிருக்கும், பலம்தான் இருக்காது. இரண்டு சாக்கெட்டிலும் ஸ்கிரீனுக்கான 4ஆம் பின்னை அளக்க வேண்டும்.

ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்துப் பார்ப்பது

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

ஸ்க்ரூடிரைவரால் கண்டென்சரை ஷார்ட் செய்வது

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்து, மற்றக் கையை விலக்கி வைத்துக்கொண்டு, கண்டென்சரின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து அந்த வோல்டேஜை இறக்க வேண்டும். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே சால்டரிங் அயர்னை எடுக்கலாம்.