சென்சாரை மாற்றும் முன்: காரின் புகைக் கட்டுப்பாட்டு சென்சார்களைச் சோதிப்பதும் பராமரிப்பதும்

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் பலர் செய்வது இதுதான். ஸ்கேனரை மாட்டுகிறார்கள், திரையில் ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒரு வரி வருகிறது, உடனே புது சென்சார் வாங்கிப் போடுகிறார்கள். சில நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. எஞ்சினில் வேறெங்கோ இருந்த கோளாறைப் பழைய சென்சார் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. புது சென்சாரும் அதையே சொல்கிறது, அவ்வளவுதான்.

அதனால் இந்தச் செய்முறையில் மாற்றுவது கடைசியில்தான் வரும். பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். டீசலுக்கு ஒரு பத்தி தனியாக உண்டு. கையில் இருக்க வேண்டியவை: காரின் கணினியோடு இணைந்து நேரடி அளவீடுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் (போனோடு இணைகிற சிறிய ப்ளூடூத் அடாப்டரே போதும்), ஒரு மல்டிமீட்டர், காற்றோட்ட சென்சாருக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்ப்ரே. ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றுவதாக இருந்தால் 22 மி.மீ. ஸ்பானரும் வேண்டும்.

இந்த சென்சார்கள் எதற்கு?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இந்த எண் சற்றுக் குறையும். காற்று அதிகமானால் கலவையை 'லீன்' என்பார்கள், பெட்ரோல் அதிகமானால் 'ரிச்'. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒன்றாகச் சமாளிக்க வேண்டுமென்றால் கலவை இந்த அளவை ஒட்டியே இருந்தாக வேண்டும். லீனாகப் போனால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பி வெளியேறும். ரிச்சாகப் போனால் மற்ற இரண்டும் தப்பிக்கும். எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று எஞ்சினின் கணினியான இசியூ ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். அந்தத் திருத்தத்துக்கு அது நம்பியிருப்பது சென்சார்களை.

இவற்றில் முக்கியமானது ஆக்ஸிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் தயாரித்த இது 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரு பக்கமும் உள்ள ஆக்ஸிஜன் அளவில் வித்தியாசம் கூடக் கூட மின்னழுத்தம் உண்டாகிறது. கலவை ரிச்சாக இருந்தால் சுமார் 0.9 வோல்ட், லீனாக இருந்தால் சுமார் 0.1 வோல்ட், 0.45 நடுக்கோடு. ஆனால் பீங்கான் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் தாண்டிச் சூடானால்தான் வேலை செய்யும். எஞ்சினைப் போட்டவுடன் அந்தச் சூடு கிடைக்காது என்பதால் சென்சாருக்குள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பல சென்சார்களில் முதலில் பழுதாவது இந்த ஹீட்டர்தான்.

பொதுவாகக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். முன்னது கலவையைத் திருத்த உதவுகிறது, பின்னது கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. ஸ்கேனரில் 'பேங்க் 1 சென்சார் 1' என்றால் முதல் சிலிண்டர் இருக்கும் பக்கத்தின் முன் சென்சார். 'சென்சார் 2' என்றால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளது. நான்கு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள எஞ்சின்களில் பெரும்பாலும் ஒரே பேங்க்தான். வி வடிவ எஞ்சின் என்றால் கடைக்குப் போகும் முன் எந்தப் பக்கம் பேங்க் 1 என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழுதானதை விட்டுவைப்பது இங்கேதான் நடக்கிறது.

மற்றவை சுருக்கமாக: எஞ்சினுக்குள் போகும் காற்றை எடை போடுவது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். சில வண்டிகளில் அதற்குப் பதிலாக மேப் எனும் அழுத்த சென்சார் இருக்கும். கூலன்ட் வெப்பநிலை சென்சார் எஞ்சின் சூடாகிவிட்டதா என்று சொல்கிறது. அது எப்போதும் குளிர்ச்சி என்றே சொன்னால் இசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். பெட்ரோல் டேங்கின் ஆவி கசிகிறதா என்று பார்க்க இவாப் அமைப்பில் ஓர் அழுத்த சென்சார் உண்டு.

டீசலில் கதை வேறு. அங்கே கரித்தூள் வடிகட்டியின் இரு முனைகளுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளக்கிறது. யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரும் இருக்கும். இந்தக் கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், அதில் தண்ணீர் கலந்து ஒப்பேற்ற முடியாது. அழுத்த சென்சாருக்குப் போகும் சிறிய குழாய்கள் அடைத்தாலோ வெடித்தாலோ வடிகட்டி நிரம்பிவிட்டது போலப் பொய்யான அளவு வரலாம். வடிகட்டியின் விலையைக் கேட்டு அதிரும் முன் அந்தக் குழாய்களைப் பாருங்கள்.

படி 1: விளக்கு எப்படி எரிகிறது?

நிலையாக எரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு போய் நிதானமாகப் பார்க்கலாம். வெப்பநிலை விளக்கோ ஆயில் விளக்கோ கூடவே எரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள். செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் பிளக்கோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போய்விடும்.

படி 2: பிழைக் குறியீட்டை ('கோடு') படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 முனை கொண்ட இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமானது. ஸ்கேனரை அதில் செருகி, சாவியை ஆன் நிலையில் வைத்துக் கோடைப் படியுங்கள். கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கோடு விழுந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகத்தில் சுற்றியது என்ற விவரம் அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

அடிக்கடி வரும் சில கோடுகள்: பி0171 என்றால் பேங்க் 1 லீனாக ஓடுகிறது. பி0135 என்றால் முன் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு, பி0141 என்றால் பின்னதில். பி0300 மிஸ்ஃபயர். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. பி0442, பி0455 இரண்டும் ஆவிக் கசிவு, முன்னது சிறியது, பின்னது பெரியது. பி0128 வந்தால் எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை; பெரும்பாலும் திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்.

இவற்றில் ஹீட்டர் கோடுகள் மட்டுமே ஏறக்குறைய நேராக சென்சாரையோ அதன் வயர், ஃபியூஸையோ கைகாட்டுகின்றன. மிஸ்ஃபயர் கோடும் கூடவே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதை லீன் என்று படிக்கும்.

படி 3: கண்ணால் பாருங்கள், காதால் கேளுங்கள்

காசு செலவில்லாத படி இது, ஆனால் பாதிப் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஆவிக் கசிவுக் கோடு என்றால் பெட்ரோல் மூடியை இறுக்கிப் பாருங்கள், அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சின் வரை வரும் பெரிய ரப்பர் குழாயை மடித்து மடிப்புகளுக்கு நடுவே பாருங்கள். கிழிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். மெல்லிய வேக்குவம் குழாய்கள் கழன்றிருக்கின்றனவா, சென்சார் வயர்கள் சூடான குழாயில் பட்டு உருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம் எக்ஸாஸ்ட் கசிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முன் சென்சார் அருகே 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கசிவு வழியாகப் புகை வெளியே மட்டும் போவதில்லை, துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றைப் பார்த்து சென்சார் லீன் என்கிறது, இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. அதற்கு வாசனையும் கிடையாது.

படி 4: நேரடி அளவீடுகள்

உண்மையான விடை இங்கேதான் கிடைக்கும். எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பல வண்டிகளில் கூலன்ட் 85 முதல் 100 டிகிரிக்குள் நிற்கும். பிறகு 'ஃப்யூயல் ட்ரிம்' பாருங்கள். கணக்குப்படி தெளிக்க வேண்டியதைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ இசியூ பெட்ரோல் கொடுக்கிறது என்பதுதான் இது. குறுகிய கால ட்ரிம்மையும் நீண்ட கால ட்ரிம்மையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்துக்கு இருபுறமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) பிளஸ் 20 என்று காட்டி, 2500 ஆர்பிஎம்மில் வைத்தால் பூஜ்யம் பக்கம் இறங்குகிறதா? வேக்குவம் கசிவு. ஐடிலில் உள்ளே போகும் காற்று கொஞ்சம் என்பதால் கசிவின் பங்கு அதில் பெரிதாகத் தெரிகிறது. மாறாக ஐடிலில் சரியாக இருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க பிளஸ் பக்கம் ஏறினால் அழுக்கான காற்றோட்ட சென்சார், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், பலவீனமான பம்ப் இவற்றில் ஒன்று. மைனஸ் பக்கம் நின்றால் எங்கிருந்தோ பெட்ரோல் கூடுதலாக வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், டேங்கின் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருப்பது இப்படி.

இப்போது சென்சாரையே சோதிப்போம். முன் சென்சாரின் வோல்ட்டை வரைபடமாக வையுங்கள். சுமார் 2000 ஆர்பிஎம்மில் பிடித்தால் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விறுவிறுவென்று ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் உடனே மேலே போக வேண்டும், விட்டால் பெட்ரோல் நின்று கீழே விழ வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது, கோளாறை வேறெங்காவது தேடுங்கள். என்ன செய்தாலும் 0.45 அருகே அசையாமல் நின்றால் சென்சாரோ வயரோ செத்துவிட்டது. அசைகிறது ஆனால் சோம்பலாக அசைகிறது என்றால் வயதாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. புதிய கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது, கலவை எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்பதையே அளக்கும் வைட்பேண்ட் வகை. அதற்குப் பெரும்பாலும் ஐந்து வயர் இருக்கும், சிலவற்றில் நான்குதான்; இப்படி ஏறி இறங்கவும் செய்யாது. ஸ்கேனரில் அதை 'லாம்டா' எண்ணாகப் பாருங்கள் (சரியான கலவை 1.0, கூடினால் லீன், குறைந்தால் ரிச்); 1.0-ஐ ஒட்டி நின்றால் நல்லது. இது தெரியாமல் நல்ல வைட்பேண்டைப் பழுது என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு.

பின் சென்சார் இதற்கு நேரெதிர். அது கிட்டத்தட்ட நிலையாக, பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். முன் சென்சாரைப் போலவே அதுவும் ஏறி இறங்கினால் கன்வெர்ட்டர் தளர்ந்துவிட்டது. பி0420 வந்தவுடன் பின் சென்சாரை மாற்றுவது வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 5: ஹீட்டர்

ஹீட்டர் கோடு வந்திருந்தால் முதலில் ஃபியூஸ். அது சரி என்றால் எஞ்சினை நிறுத்தி, குளிரவிட்டு, கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து ஹீட்டர் வயர்கள் இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். பல சென்சார்களில் இரண்டும் ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். ஒற்றை இலக்கத்திலோ பத்துப் பதினைந்துக்குள்ளோ ஓம் காட்டினால் பொதுவாகச் சரி. முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

படி 6: காற்றோட்ட சென்சாரைச் சுத்தம் செய்தல்

சுத்தம் செய்தால் பலன் தரும் சென்சார் இதுதான். எஞ்சினை நிறுத்திக் குளிரவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே மயிரிழை போல ஒரு கம்பியோ சிறு தகடோ இருக்கும். அதை விரலாலோ துணியாலோ பஞ்சாலோ தொடவே கூடாது. அதற்கான ஸ்ப்ரேயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடியுங்கள், தானாகவே முழுதாக உலரவிட்டு மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போட்டிருந்தால், மிஞ்சிய எண்ணெய்தான் இந்தக் கம்பியில் வந்து படிகிறது.

படி 7: ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுதல்

சோதனையில் தோற்றால் மட்டும் இந்தப் படி. ஆக்ஸிஜன் சென்சாரைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது.

எஞ்சின் லேசான சூட்டில் இருக்கும்போது மரை எளிதில் விடும், ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துரு பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெயை முன்கூட்டியே விட்டு வையுங்கள். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

கழற்றியதன் முனையைப் பார்த்தால் எஞ்சினைப் பற்றியும் தெரியும். உலர்ந்த கருப்புக் கரி என்றால் ரிச்சாக ஓடியிருக்கிறது. பிசுபிசுத்த கருப்பு என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைத் தூள் என்றால் சிலிக்கோன் பசையோ கூலன்டோ புகையில் கலந்திருக்கலாம். இந்த மூலத்தைச் சரிசெய்யாமல் போட்டால் புது சென்சாரும் அதே வழியில் போகும். கேஸ்கெட் வேலை செய்யும்போது சென்சாருக்கு ஏற்ற சீலன்ட் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதியதின் மரையில் பெரும்பாலும் ஆன்ட்டி சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவியே வரும். இல்லையென்றால் மரையில் மட்டும் கொஞ்சம் தடவுங்கள், முனையில் படக்கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் விட்டிருக்கும். கனெக்டருக்குள் கிரீஸ் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் இழைகள் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன, கிரீஸும் சால்டரிங்கும் அந்த வழியை அடைத்துவிடும். கையால் மரையேற்றி, கையேடு சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள். வயரை முன்பிருந்த கிளிப்பிலேயே திரும்பச் செருகுங்கள்.

படி 8: கோடை அழித்த பிறகு

இப்போது கோடை அழிக்கலாம். அழித்தவுடன் இசியூ கற்றுவைத்த ட்ரிம் அளவுகளும் போய்விடுவதால் கொஞ்ச நேரம் ஐடில் சீரில்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். இசியூ தானாகச் செய்யும் சோதனைகளின் நிலையைச் சொல்லும் 'ரெடினஸ் மானிட்டர்' பக்கம், ஸ்கேனரில் அவை முடியவில்லை என்று காட்டும். இந்த நிலையில் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், மானிட்டர்களைப் பார்க்கும் நிலையங்களில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, ஊருக்குள் கொஞ்சம், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்சம் என்று சில நாள் ஓட்டினால் ஒவ்வொன்றாக முடியும். கன்வெர்ட்டர் மானிட்டரும் இவாப் மானிட்டரும்தான் கடைசியில் வரும். டேங்க் நிரம்பி வழிந்தாலும் காலியாக இருந்தாலும் இவாப் சோதனை ஓடாது. ஏறக்குறைய பாதி டேங்க் வைத்துக்கொண்டு, இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் எடுங்கள்.