வீட்டுக்குள் நீச்சல் குளம்: டைல்ஸுக்கு முன்னால் ஆழமும் காற்றும்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீட்டுக்குள்ளேயே நீச்சல் குளம் வேண்டும் என்று யார் வந்தாலும், யார் யார் எந்த நேரத்தில் இறங்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். காலையில் அப்பாவுக்கு நீச்சல், பத்து மணிக்கு அம்மா முட்டி வலிக்காகத் தண்ணீருக்குள் நடக்கணும், சாயங்காலம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளணும் என்றால் ஆழம் 4 அடியிலிருந்து நாலரை அடிக்குள் இருக்கட்டும். நெஞ்சளவு தண்ணீரில் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடும். 8 அடி தோண்டினால் அம்மாவுக்குக் கால் எட்டாது.

10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம் என்றால் 52,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி நாலு நடைக்குக் கொஞ்சம் மேல். இந்த நீளம் நீச்சலுக்குப் பத்தாது என்று தோன்றினால், எதிர்த்து நீந்தத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஒரு ஜெட் வையுங்கள், போதும்.

ஏணி வேண்டாம், அகலமான படி கட்டுங்கள். வயதானவர் இறங்கும்போது கவனித்துப் பாருங்கள்: கை கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும், பாதம் அடுத்த படியின் விளிம்பைத் தடவித் தேடும். அந்த விளிம்பில் கருநீல டைல்ஸ் ஒரு வரிசை பதித்துவிட்டால் தேடவே வேண்டியதில்லை.

கடலோர மணலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். அப்போது குளம் காலியாக இருந்தால் கீழேயிருந்து தண்ணீர் மொத்தத் தொட்டியையும் தூக்கப் பார்க்கும், அதனால் அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு அடியில் கட்டாயம், அந்த மாதங்களில் குளத்தை வடிக்கவும் கூடாது. டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு வாரமாவது தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள்.

அடுத்தது காற்று, பலர் கோட்டைவிடும் இடம். தண்ணீர் இரவு பகலாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், நம் ஊர்க் காற்றோ ஏற்கெனவே ஈரம். சாதாரண ஏ.சி. இதைச் சமாளிக்காது, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் பிடியுங்கள். குளத்துக்கும் ஏ.சி. அறைக்கும் நடுவே வெறும் ஒற்றைக் கண்ணாடி வைத்தால் அது நாள் முழுக்க வியர்த்துக் கொட்டும். கரண்ட் போகும் நாட்களுக்காகப் பெரிய ஜன்னலும் வேண்டும்.

குளோரின் கலந்த அந்த ஈரம் இரும்பை மட்டுமல்ல, எவர்சில்வரையும் தின்னும். 1985ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் ஓர் உள்ளரங்கக் குளத்தின் மேல் தொங்கவிட்டிருந்த கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய எவர்சில்வர் கம்பிகள் குளோரைடு அரிப்பில் விரிசல் விட்டிருந்தன, அதுவும் கட்டிப் பதின்மூன்றே வருடத்தில். அதனால் குளத்துக்கு மேலே தொங்கும் ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம் என்பேன். கைப்பிடிக் கம்பிக்கு அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 கிரேடு எவர்சில்வர் வாங்கி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

மேலே இழுத்து மூடும் கவர் செலவுதான், ஆனால் ஆவியாவதைப் பெரிதும் குறைக்கும். அப்புறம், குளத்துக்குப் போகும் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் 5 அடி உயரத்தில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்.